பால் பொருள் சேர்க்காத சாமைக் காய்கறிப் பிரிஞ்சி: உதிரியாக வர என்ன செய்ய வேண்டும்?

வாணலி:

அனைவருக்கும் வணக்கம். அடுத்த மாதம் எங்கள் புதுமனை புகுவிழாவுக்கு உறவினர் 25 பேர் மதிய உணவுக்கு இருப்பார்கள். அவர்களில் சிலர் பால், தயிர், நெய் எதையும் தொடுவதில்லை. மூத்தவர்கள் இருவர் சர்க்கரை நோய்க்காகச் சோற்றைக் குறைத்திருக்கிறார்கள். எனவே பந்தியில் எல்லோரும் ஒரே உணவை உண்ணும்படி சாமையில் காய்கறிப் பிரிஞ்சி செய்யலாம் என்று வீட்டில் முடிவாகியிருக்கிறது.

எனக்குள்ள கவலை ஒன்றுதான். உணவகங்களிலும் விழாக்களிலும் நான் உண்ட சிறுதானியப் பிரிஞ்சி பெரும்பாலும் மேலே வறண்டும் அடியில் கூழாகவும் இருக்கிறது; ஆறியதும் கரண்டியால் வெட்டி எடுக்கும் கட்டியாகிவிடுகிறது. சீரகச் சம்பாவில் மணி மணியாக வரும் பதம் சாமையில் வருமா? வருமென்றால் எந்தச் சாமையை வாங்குவது, தண்ணீர் எவ்வளவு, நெய்க்கும் தயிருக்கும் மாற்று என்ன என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கமாக எழுத வேண்டுகிறேன்.

ஜவ்வாதுச்சாமை:

வணக்கம் சகோதரி. நான் திருவண்ணாமலை மாவட்டத்துக்காரன். ஜவ்வாது மலையில் விளையும் சாமையை வாங்கி விற்கும் தொழிலில் இருப்பதால், அடுப்பில் ஏற்றுவதற்கு முன்னால் தானியத்திலேயே தீர்மானமாகிவிடும் செய்திகளைச் சொல்கிறேன்.

சாமையின் உமி கெட்டியானது. உமியை நீக்கிய பிறகுதான் அது சாமையரிசி. அந்த அரிசியை மேலும் தீட்டித் தவிட்டையும் எடுத்தால் வெள்ளை வெளேரென்று பளபளக்கும். கடையில் கண்ணுக்கு அழகாகத் தெரிவது இதுதான், பிரிஞ்சியைக் கூழாக்குவதும் பெரும்பாலும் இதுதான். தவிடு போன மணியின் மாவுச்சத்தைத் தடுத்து நிறுத்த மேலே எந்தப் போர்வையும் இல்லை. கொதிநீரில் விழுந்ததும் மாவு கரைந்து வெளியே வந்து மணிகளை ஒன்றோடொன்று ஒட்டிவிடுகிறது. போதாக்குறைக்கு, மிகையாகத் தீட்டும்போது மணிகள் உடைந்து குருணையும் சேர்கிறது. தவிடு நீங்காத சாமையரிசி மங்கிய சாம்பல் மஞ்சளாக இருக்கும், சில இடங்களில் இலேசான பழுப்பும் கலந்திருக்கும். அதைக் கேட்டு வாங்குங்கள். உள்ளங்கையில் கொஞ்சம் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். வெள்ளை மாவு அதிகம் ஒட்டினால் அந்தப் பையை வைத்துவிடலாம்.

உமி நீக்குவதற்கு முன் அவித்துக் காயவைத்த புழுங்கல் சாமையும் சில இடங்களில் கிடைக்கிறது. கிடைத்தால் பிரிஞ்சிக்கு அதைவிடச் சிறந்தது இல்லை. அவிக்கும்போதே மாவுச்சத்து ஒருமுறை வெந்து இறுகிவிடுவதால் மணி உறுதியாக நிற்கும், குருணையும் குறைவாக இருக்கும்.

தவிடுள்ள அரிசிக்கு ஒரு குறை உண்டு. தவிட்டிலும் முளையிலும் எண்ணெய் இருப்பதால் நாளானால் சிக்கு வாடை வரும், நாக்கில் கசப்பு நிற்கும். எனவே அரைத்த தேதியைப் பார்த்து, அண்மையில் அரைத்ததை வாங்க வேண்டும். வாங்கியதும் மோந்து பார்ப்பது எந்த முத்திரையையும் விட நம்பகமானது.

கல்லைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சாமையில் ஆயிரம் மணிகள் சேர்ந்தாலும் எடை 3 கிராமைத் தொடாது. அதே அளவுள்ள மணல் துகள் கண்ணில் படாது. ஆகவே களைந்தால் மட்டும் போதாது, அரிக்க வேண்டும். வாயகன்ற இரண்டு பாத்திரங்களை எடுத்துக்கொண்டு, ஒன்றில் சாமையை நிறையத் தண்ணீரில் மூழ்கவைத்து, பாத்திரத்தைச் சாய்த்து இலேசாகச் சுழற்றினால் மணிகள் மிதந்து தண்ணீரோடு அடுத்த பாத்திரத்துக்குப் போகும். மணல் அடியிலேயே வரிசையாகத் தங்கிவிடும். இதை இரண்டு மூன்று முறை மாற்றி மாற்றிச் செய்துவிட்டு, நுண்ணிய கண்ணுள்ள வடிகட்டியில் கொட்டி வடியவிடுங்கள். சோறு வடிக்கும் சாதாரணச் சல்லடையில் பாதிச் சாமை வழியில் போய்விடும்.

கொதிநிலை:

மேலே ஐயா எழுதியதை அப்படியே வழிமொழிகிறேன். நான் தண்ணீரைப் பற்றி எழுதுகிறேன். என் கருத்தில், சிறுதானியப் பிரிஞ்சி கெடுவதற்குக் காரணம், 'ஒன்றுக்கு இரண்டு' என்ற ஒரே அளவை எல்லா இடத்திலும் சொல்வதுதான்.

ஊற்றும் நீர் இரண்டு வழியாகச் செலவாகிறது. ஒரு பங்கை மணி உறிஞ்சிக்கொள்கிறது. மறு பங்கு ஆவியாகப் போகிறது. உறிஞ்சும் பங்கு தானியத்தின் அளவோடு ஒரே விகிதத்தில் கூடும். ஆவியாகும் பங்கோ தானியத்தைப் பார்ப்பதில்லை. பாத்திரத்தின் வாயகலம், மூடி எவ்வளவு இறுக்கம், அடுப்பில் இருக்கும் நேரம் ஆகியவற்றைத்தான் பார்க்கிறது. அதனால் ஒரு கப் சாமைக்குத் திறந்த பாத்திரத்தில் சரியாக வந்த அளவை அப்படியே பத்தால் பெருக்கி ஊற்றினால், ஆவியாகாத மீதி நீர் முழுவதும் அடியில் தங்கிக் கூழாகிறது. வாணலி விழாக்களில் கண்ட 'மேலே வறட்சி, அடியில் கூழ்' என்பதற்கு இதுவே முதல் காரணமாக இருக்கும்.

இரண்டாவது, கணக்கில் வராத நீர். ஊறவைத்து வடித்த சாமை ஏற்கெனவே கொஞ்சம் நீரைக் குடித்திருக்கிறது. தக்காளியில் 90 விழுக்காட்டுக்கும் மேல் நீர்தான், காளானும் அப்படியே. வெங்காயமும் புதினாவும் கூட நீர் விடுகின்றன. இவற்றையெல்லாம் சேர்த்துவிட்டு, அதன் பிறகும் 'ஒன்றுக்கு இரண்டு' தேங்காய்ப்பாலும் தண்ணீரும் ஊற்றினால் உண்மையில் நாம் ஊற்றுவது அதைவிட அதிகம்.

மூன்றாவது, மணியின் அளவு. சாமை மணி சிறியது, ஆகவே அதன் எடைக்கு மேற்பரப்பு மிக அதிகம். அரிசியைவிட வேகமாக நீரைக் குடித்து, வேகமாக வெந்துவிடும். அரிசிக்குப் பழகிய கையோடு அதை நெடுநேரம் கொதிக்கவிட்டால், மணி முழுவதும் வெந்த பிறகும் கொதித்து, அதன் வெளிப்பகுதி கரையத் தொடங்கும்.

வீட்டளவில் நான் கைக்கொள்வது இது: 2 கப் (ஏறத்தாழ 400 கிராம்) தவிடு நீங்காத சாமையை 20 நிமிடம் ஊறவைத்து நன்றாக வடித்துவிட வேண்டும். அடிகனமான பாத்திரத்தில் இரண்டாம் தேங்காய்ப்பாலும் தண்ணீருமாகச் சேர்த்து மூன்றரைக் கப். தக்காளியோ காளானோ சேர்ந்தால் அதில் கால் கப் குறையும். வெள்ளையாகத் தீட்டிய சாமையென்றால் ஊறவைக்காமல், மொத்தம் மூன்று கப்பிலிருந்து மூன்றேகால் கப் போதும். திரவம் தளதளவென்று கொதிக்கும்போதுதான் சாமை உள்ளே போக வேண்டும். ஒருமுறை கிளறிவிட்டுக் கரண்டியை எடுத்துவிட வேண்டும். இடையில் கிளறக் கிளற மாவு வெளியேறிப் பொங்கல் பதம் வந்துவிடும்.

ஆறேழு நிமிடத்தில் மேலே நிற்கும் நீர் மறைந்து, பரப்பில் சிறு சிறு குழிகள் விழுந்து அவற்றின் வழியே ஆவி வெளிவரும். அந்தக் கணத்தில் பாத்திரத்தின் அடியில் தோசைக்கல்லை வைத்து, தணலை மிகக் குறைத்து, மூடியை இறுக்கி 8 முதல் 10 நிமிடம் தம்மில் விட்டு அடுப்பை அணைக்க வேண்டும். அணைத்த பிறகு 10 நிமிடம் மூடியைத் திறக்கவே கூடாது. மேலேயுள்ள மணிக்கும் அடியிலுள்ள மணிக்கும் ஈரம் சமமாவதும், வெந்த மாவுச்சத்து இறுகி மணி தன் வடிவத்தில் நிற்பதும் அந்த நேரத்தில்தான்.

விசில்சத்தம்:

நண்பர் கொதிநிலை சொல்வது சரியே. ஆனால் வேலைக்குப் போகும் வீடுகளில் தம் போட்டுக்கொண்டு நிற்க நேரமில்லை. எங்கள் வீட்டில் வாரந்தோறும் குக்கரில்தான் சாமைப் பிரிஞ்சி. ஒன்றுக்கு ஒன்றரை அளவு திரவம், நடுத்தரத் தணலில் ஒரு விசில், அணைத்துவிட்டால் நன்றாகவே வருகிறது. குக்கரை ஒதுக்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

கொதிநிலை:

விசில்சத்தம் அவர்களே, குக்கரை ஒதுக்கச் சொல்லவில்லை. நீங்கள் ஒன்றரை அளவில் நிறுத்தியிருப்பதே உங்கள் பிரிஞ்சி நன்றாக வருவதற்குக் காரணம். குக்கரில் ஆவி அதிகம் வெளியேறாது என்பதால் அங்கே அந்த அளவுதான் பொருந்தும். முழு அழுத்தத்தில் உள்ளே வெப்பம் ஏறத்தாழ 120 டிகிரி செல்சியஸ் வரை போகும். அந்த வெப்பத்தில் சாமைக்கும் பீன்ஸுக்கும் இடையே ஓரிரு நிமிட வேறுபாடுகூடப் பெரிதாகிவிடும். ஒரு விசிலோடு அணைத்துவிட்டு, அழுத்தம் தானாக இறங்கும்வரை பொறுத்து, இறங்கிய உடனே மூடியைத் திறந்துவிட வேண்டும். திறக்காமல் அப்படியே வைத்தால் மூடியில் குளிர்ந்த நீர் மேல்மணிகள் மீது சொட்டி அவற்றைக் குழைத்துவிடும். நான்கு பேருக்கு இது நல்ல வழி. 25 பேருக்கு அகன்ற பாத்திரமே வேண்டும். தானியம் வேகும்போது உப்பும் என்பதால் குக்கரைப் பாதி அளவுக்கு மேல் நிரப்புவது ஆபத்தும் கூட.

செக்கடி:

நெய்யைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள் அம்மா. எண்ணெய் வியாபாரம் எங்கள் குடும்பத் தொழில்; எந்த எண்ணெய் எதற்கு என்று நாளும் விளக்கிக்கொண்டிருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

பட்டை, கிராம்பு, ஏலம் ஆகியவற்றின் மணம் பெரும்பகுதி எண்ணெயில் கரைவது. தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. ஆகவே கொழுப்பை மிகவும் குறைத்துவிட்டால் மசாலா எவ்வளவு போட்டாலும் மணம் பிரிஞ்சி முழுவதும் பரவாது, கடிபடும் இடத்தில் மட்டும் காரமாக நிற்கும். நெய் செய்த வேலையில் பாதி இந்த மணத்தை ஏந்திச் செல்வது. அதைச் செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய் குறையின்றிச் செய்யும். கடலை எண்ணெய் மூன்று பங்கு, தேங்காய் எண்ணெய் ஒரு பங்கு என்று கலந்தால், பின்னால் சேரும் தேங்காய்ப்பாலோடு மணம் இசைந்து வரும். நல்லெண்ணெய் இதற்கு வேண்டாம். அதன் தனி வாசனை ஏலத்தையும் புதினாவையும் அமுக்கிவிடும். கடைகளில் கிடைக்கும் வனஸ்பதியை நெய்க்கு மாற்றாகப் பரிந்துரைப்பவர்களும் உண்டு. அதை நான் வீட்டுக்குள் விடமாட்டேன்.

எண்ணெய் புகையக்கூடாது. மிதமாகச் சூடானதும் பட்டை, கிராம்பு, ஏலம், அன்னாசிப்பூ, பிரிஞ்சி இலை ஆகியவற்றைப் போட்டு, ஏலம் உப்பிக் கிராம்பு பருக்கும்வரை விட்டால் போதும். கல்பாசியை மட்டும் கடைசியில் போடுங்கள். பெயரில் பாசி என்றிருந்தாலும், அது பூஞ்சையும் பாசியும் இணைந்து பாறையிலும் மரப்பட்டையிலும் படரும் லைக்கன் வகை. நாலைந்து நொடியில் கருகிக் கசந்துவிடும். கருகாமல் எண்ணெயில் விரிந்தால் பிரிஞ்சிக்கு அது தரும் மண்வாசனையை வேறெதுவும் தராது.

பிரிஞ்சி இலையை வாங்கும்போது திருப்பிப் பாருங்கள். காம்பிலிருந்து நுனிவரை மூன்று நரம்புகள் நீளவாக்கில் ஓடினால் அது நம் சமையலுக்குரிய இலை. பட்டை மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது, பட்டையின் வாசனையே அதிலும் இருக்கும். நடுவில் ஒரே நரம்பும், அதிலிருந்து இருபுறமும் கிளை நரம்புகளும் இருந்தால் அது மேல்நாட்டு இலை. அதன் வாசனை வேறு, இந்த உணவுக்குப் பொருந்தாது.

வாணலி:

எல்லோருக்கும் மிக்க நன்றி. தயிருக்கு என்ன செய்வது என்பதும், காய்களை எந்த வரிசையில் சேர்ப்பது என்பதும் இன்னும் தெளிவாகவில்லை. எங்கள் புது வீட்டில் ஆழ்துளைக் கிணற்று நீர். அதில் பீன்ஸும் பட்டாணியும் வேகத் தாமதமாகிறது. சாமை அதற்குள் குழைந்துவிடுமே என்று தோன்றுகிறது.

கொதிநிலை:

உங்கள் ஐயம் நியாயமானது. கடின நீரில் இருக்கும் கால்சியம் காய்களின் செல்களைப் பிணைத்திருக்கும் பெக்டினோடு சேர்ந்து அதை இறுக்கிவிடுகிறது. அதனால்தான் உப்புத் தண்ணீரில் பருப்பும் காயும் வேக மறுக்கின்றன. சமையலுக்கு மட்டுமாவது குடிநீரைப் பயன்படுத்துங்கள்.

புளிப்பும் இதே வேலையைச் செய்கிறது. தக்காளி, தயிர், எலுமிச்சை எது முதலில் சேர்ந்தாலும் உருளைக்கிழங்கும் கேரட்டும் மென்மையாக நேரமாகும். பீன்ஸின் பச்சையும் மங்கிப் பாசி நிறமாகிவிடும். அரிசிப் பிரியாணியில் வேகும் நேரம் அதிகம் என்பதால் இது பெரிதாகத் தெரியாது. சாமை கால் மணி நேரத்தில் வெந்துவிடுவதால் இங்கே அது பளிச்சென்று தெரியும்.

ஆகவே என் வரிசை இது. வெங்காயம் பொன்னிறமாகி, இஞ்சி பூண்டு விழுதின் பச்சை வாசனை போனதும், முதலில் உருளைக்கிழங்கு, கேரட், நூக்கல் ஆகிய கெட்டிக் காய்கள். இவற்றை அரை விரற்கடை அளவுக்கு ஒரே சீராக நறுக்க வேண்டும். உப்புச் சேர்த்து, மூடி, ஐந்து நிமிடம் அவற்றின் சொந்த நீரிலேயே வேகவிட வேண்டும். அடுத்தது பீன்ஸும் பச்சைப் பட்டாணியும், மேலும் இரண்டு நிமிடம். உலர்ந்த பட்டாணி, மொச்சை, டபுள் பீன்ஸ் என்றால் முதல் நாள் இரவே ஊறவைத்துத் தனியாக வேகவைத்துத்தான் சேர்க்க வேண்டும். காலிஃபிளவர் பூவைச் சாமையோடு சேர்த்துப் போட்டால் போதும். புதினா, கொத்தமல்லி, பச்சை மிளகாய் ஆகியவற்றைக் கரகரப்பாக அரைத்துச் சேர்க்கலாம். சென்னைப் பக்கம் செய்யும் வெளிறிய நிறப் பிரிஞ்சியில் தக்காளியும் மிளகாய்த்தூளும் சேர்ப்பது அரிது. அந்த வழக்கம் சாமைக்கு மிகவும் பொருத்தம். புளிப்புக்கு, அடுப்பை அணைத்த பிறகு எலுமிச்சைச் சாறு தெளித்தால் போதுமானது.

தயிர் பிரியாணியில் தருவன புளிப்பும், ஒருவகை வழவழப்பும். புளிப்பை எலுமிச்சை தந்துவிடும். வழவழப்பைத் தேங்காய்ப்பால் தந்துவிடும். வேறு மாற்றுத் தேட வேண்டாம் என்றே சொல்வேன். முந்திரி விழுது சேர்க்கச் சிலர் சொல்கிறார்கள். அது பாலில் கலந்து அடிப்பிடிக்கும், மணிகளையும் ஒட்டவைக்கும். முந்திரியை வறுத்து மேலே தூவுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தேங்காய்ப்பாலில் ஒரு முறை உண்டு. முதல் பாலைச் சாமை வேகும்போதே ஊற்றக்கூடாது. அதில் கொழுப்பும் புரதமும் அதிகம் என்பதால் நீர் வற்றும் தறுவாயில் அடியில் படிந்து கருகும். இரண்டாம் பாலில் வேகவிட்டு, பரப்பில் குழிகள் விழும் அந்த நேரத்தில் முதல் பாலைச் சுற்றிலும் ஊற்றி மூடித் தம்மில் விட வேண்டும். மொத்த அளவில் அதையும் மறக்காமல் கழித்துக்கொள்ளுங்கள்.

கரிசல்:

சாமையை வறுத்துவிட்டுச் செய்தால் உதிரியாக வரும் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். அதைப் பற்றி யாரும் எழுதவில்லையே? மேலும் சாமைக்குப் பதில் குதிரைவாலி, வரகு, தினை சேர்த்தால் அளவு மாறுமா?

ஜவ்வாதுச்சாமை:

வறுப்பது பயன்தரும், குறிப்பாகத் தீட்டிய சாமைக்கு. எண்ணெயில் இரண்டு நிமிடம் புரட்டினால் ஒவ்வொரு மணி மீதும் எண்ணெய்ப் பூச்சு ஏறி ஒட்டுவது குறையும். ஆனால் ஊறவைத்த ஈரச் சாமையை வறுத்தால் மணி உடையும். ஊறவைப்பது, வறுப்பது இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும். தவிடுள்ளதற்கு ஊறல், தீட்டியதற்கு வறுவல்.

குதிரைவாலி சாமையைவிடச் சீக்கிரம் வெந்துவிடும், சீக்கிரம் குழையும். திரவத்தை இன்னும் சற்றுக் குறைக்க வேண்டும். தினைக்குத் தனிச் சுவையும் இலேசான கசப்பும் உண்டு, திரவம் சற்றுக் கூடுதலாகக் கேட்கும். மணி உறுதியில் வரகு சிறந்தது. ஆனால் மழையில் நனைந்து, சரியாகக் காயாமல் பூஞ்சை பிடித்த வரகை உண்டால் தலைச்சுற்றலும் மயக்கமும் வரும். மூத்த உழவர்கள் இதை நன்கு அறிவார்கள். அந்தப் பூஞ்சை உண்டாக்கும் சைக்ளோபியசோனிக் அமிலமே காரணம். 2024 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் பாந்தவ்கரில் 10 யானைகள் இறந்தபோது ஆய்வில் கண்டறியப்பட்டதும் இந்த நஞ்சுதான். நன்றாகக் காய்ந்து, முறையாகச் சேமித்த வரகில் அந்த அச்சம் வேண்டாம். பழுப்புப் புள்ளியோ பூஞ்சை வாடையோ இருந்தால் மட்டும் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

நாடித்துடிப்பு:

சர்க்கரை நோயுள்ள மூத்தவர்களைப் பற்றிச் சகோதரி எழுதியிருப்பதால் ஒரு வார்த்தை. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட உணவுச் சத்து அட்டவணைப்படி, 100 கிராம் சாமையில் புரதம் சுமார் 10 கிராமும் நார்ச்சத்து 7.7 கிராமும் உள்ளன. தீட்டிய பச்சரிசியில் இவை முறையே சுமார் 8 கிராமும் 2.8 கிராமும்தான். ஆனால் மாவுச்சத்து சாமையிலும் 65 கிராமுக்கு மேல் உண்டு. சாமைதானே என்று தட்டை இரண்டு முறை நிரப்பினால் அரிசி உண்டதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இராது. தவிட்டை நீக்கிவிட்டால் நார்ச்சத்தும் போய்விடும் என்பதால், மேலே சொன்ன தவிடுள்ள சாமை பதத்துக்கு மட்டுமல்ல, அவர்களுடைய உடலுக்கும் நல்லது. தட்டில் பாதிக்குப் பாதி காய்கள் இருக்கும்படி பரிமாறுங்கள்.

தானியப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பருப்பு, பயறு வகைகளில் அது நிறைய உண்டு. பால் பொருள் உண்ணாதவர்களுக்கு இந்தச் சேர்க்கை முக்கியம். மொச்சை, டபுள் பீன்ஸ், மீல்மேக்கர் ஆகியவற்றில் ஒன்றைத் தாராளமாகச் சேருங்கள். மீல்மேக்கரைக் கொதிநீரில் ஊறவைத்து நன்றாகப் பிழிந்துவிட வேண்டும். பிழியாமல் போட்டால் கொதிநிலை சொன்ன கணக்கில் வராத நீரில் அதுவும் சேர்ந்துவிடும்.

பந்திக்கட்டு:

சமையல் ஒப்பந்தம் எடுத்துச் செய்பவன் நான். மேலே சொன்னவற்றையெல்லாம் 25 பேருக்குப் பொருத்தி எழுதுகிறேன்.

பந்தியில் வேறு பதார்த்தங்களும் இருக்கும் என்பதால் தலைக்கு 80 கிராம் சாமை போதும். ஆக 2 கிலோ. அதை ஒரே அண்டாவில் ஏற்றாதீர்கள். சாமையின் அடுக்கு நான்கு விரற்கடைக்கு மேல் போனால் அடிமணிகள் மேல்மணிகளின் பாரத்திலேயே நசுங்கும். வாயகன்ற, அடிகனமான இரண்டு பாத்திரங்களில் ஒரு கிலோ, ஒரு கிலோவாகச் செய்யுங்கள்.

ஒரு கிலோவுக்கு என் அளவு: கடலை எண்ணெயும் தேங்காய் எண்ணெயும் சேர்த்து 150 மில்லி, பெரிய வெங்காயம் 300 கிராம், நீளவாக்கில் அரிந்தது, இஞ்சியும் பூண்டும் தலா 50 கிராம், பச்சை மிளகாய் 12, புதினா ஒரு கட்டு, கொத்தமல்லி அரைக் கட்டு, காய்கள் எல்லாமாக 800 கிராம், வேகவைத்த மொச்சை இரண்டு கைப்பிடி. விரல் நீளப் பட்டை மூன்று, கிராம்பு 8, ஏலம் 6, அன்னாசிப்பூ 2, பிரிஞ்சி இலை 4, கல்பாசி ஒரு சிட்டிகை, சோம்பு ஒரு தேக்கரண்டி. மசாலாவை இதற்கு மேல் கூட்டாதீர்கள். சாமைக்கென்று ஓர் இதமான சுவை இருக்கிறது, அது நாக்கில் படவேண்டும். தேங்காய் இரண்டு. முதல் பால் கால் லிட்டர் எடுத்துவைத்துக்கொண்டு, இரண்டாம் பாலும் தண்ணீருமாகச் சேர்த்து, முதல் பாலையும் உள்ளடக்கி மொத்தம் 1.9 லிட்டர். இது ஊறவைத்து வடித்த, தவிடுள்ள சாமைக்கான அளவு.

உப்பு ஏறத்தாழ 40 கிராம். ஆனால் எடையை நம்புவதைவிட நாக்கை நம்புவது நல்லது. சாமை போடுவதற்கு முன் கொதிக்கும் பாலைச் சுவைத்தால் உப்பு சற்றுத் தூக்கலாக இருக்க வேண்டும். அப்போது சரியாகத் தெரிந்தால், வெந்த பிறகு சப்பென்று ஆகிவிடும். சாமை வெந்தபின் மேலே உப்பைத் தூவி யாராலும் சரிசெய்ய முடியாது.

பெரிய அடுப்பில் தணலைக் குறைத்தாலும் வேகம் அதிகம். ஆகவே தம்மின்போது அடியில் தடித்த தோசைக்கல் கட்டாயம். மூடியின் ஓரத்தில் ஈரத்துணியைச் சுற்றி, மேலே கொதிநீர்ப் பாத்திரம் ஒன்றைப் பாரமாக வையுங்கள். மேல்பகுதி வறண்டுபோகாமல் இருக்க இது உதவும். 12 நிமிடம் தம், 15 நிமிடம் ஓய்வு. பிறகு எலுமிச்சைச் சாற்றைத் தெளித்து, கரண்டியின் காம்பை ஓரத்திலிருந்து உள்ளே விட்டு, அடியிலிருந்து மேலாகத் தூக்கிப் புரட்டுங்கள். கரண்டியின் குழிப்பக்கத்தால் கிளறினால் அதுவரை காத்த பதம் ஒரு நிமிடத்தில் போய்விடும்.

பரிமாறுவதற்கு அரை மணி நேரத்துக்கு முன்னால் அடுப்பிலிருந்து இறங்கும்படி நேரத்தை அமைத்துக்கொள்ளுங்கள். காலையிலேயே செய்து ஹாட்பாக்ஸில் அடைத்துவைக்கும் வழக்கத்தால்தான் பல விழாக்களில் சிறுதானிய உணவு கெட்டுப்போகிறது. அடைத்த ஆவி மறுபடியும் நீராகி மணிகளை நனைத்துவிடும்.

விசில்சத்தம்:

தொட்டுக்கொள்ள என்ன வைப்பது என்பதும் முக்கியம். தயிர்ப் பச்சடி கூடாது என்பதால், ஆம்பூர்ப் பக்கம் பிரியாணிக்கு வைக்கும் கத்திரிக்காய்த் தொக்கையே நான் பரிந்துரைப்பேன். அதன் புளிப்பும் காரமும் தேங்காய்ப்பாலின் இனிப்புக்கு ஈடுகொடுக்கும். பச்சடி வேண்டுமென்றே கேட்பவர்களுக்கு, வெள்ளரியும் வெங்காயமும் பொடியாக நறுக்கி, கெட்டித் தேங்காய்ப்பாலில் உப்பும் எலுமிச்சையும் சேர்த்துக் கலந்துவைக்கலாம். அதைப் பரிமாறும் நேரத்தில்தான் கலக்க வேண்டும். வெயிலில் தேங்காய்ப்பால் விரைவாகப் புளித்துவிடும்.

வாணலி:

எல்லோருடைய பதிவுகளையும் தாளில் எழுதி அடுக்களையில் ஒட்டிவைத்துவிட்டேன். தவிடுள்ள சாமை 3 கிலோ சொல்லியிருக்கிறேன். விழாவுக்கு முன்னால் அரைக் கிலோவில் ஒருமுறை செய்துபார்க்கிறேன். இன்னும் ஒரே ஒரு கேள்வி: மிஞ்சினால் இரவுக்கு வைத்துக்கொள்ளலாமா?

பந்திக்கட்டு:

வைத்துக்கொள்ளலாம் அம்மா, ஆனால் பாத்திரத்திலேயே மூடி வைக்காதீர்கள். வெந்த தானியம் அறைவெப்பத்தில் நெடுநேரம் இருந்தால் அதில் வளரும் பாக்டீரியா உண்டாக்கும் நஞ்சு, திரும்பச் சூடாக்கினாலும் போகாது. தேங்காய்ப்பால் சேர்ந்த உணவு கெடுவதும் விரைவு. பந்தி முடிந்ததும் அகன்ற தட்டுகளில் மெல்லிய அடுக்காகப் பரப்பி, ஆவி அடங்கியதும் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். குளிர்ந்ததும் மணிகள் கெட்டியாகிவிடும், அதைக் கண்டு அஞ்ச வேண்டாம். இரவில் எடுத்து, உள்ளங்கையளவு தண்ணீர் தெளித்து, இட்லிப் பானையில் துணி விரித்துப் பத்து நிமிடம் ஆவியில் சூடாக்கினால் மறுபடி மென்மையாகும். வாணலியில் போட்டுக் கிளறிச் சூடாக்க வேண்டாம், மணிகள் உடைந்துவிடும். அரைக் கிலோவில் செய்துபார்க்கும்போது திரவத்தை ஒரு லிட்டரில் தொடங்குங்கள். உங்கள் பாத்திரமும் அடுப்பும் எவ்வளவு ஆவியை வெளியேற்றுகின்றன என்பது அதிலேயே தெரிந்துவிடும், விழாவன்று அதற்கேற்பக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.